பேக்குக்கு ரைம் எது?

ஜங்ஷன் டீச்சர்:
நாலு, அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் ரைமிங் வேர்ட்ஸ் கொடுத்தால், வருகிற விடையில் பாதி எழுத்து ஒத்துப்போகும், சத்தம் ஒத்துப்போகாது. மீதியில் பாதிக்கு அர்த்தம் தப்பு. தேடுகிற வழி, அர்த்தம் பார்க்கிற முறை, எங்கே சறுக்கும், ஏன் சறுக்கும் என்று தெரிந்தவர்கள் போடுங்கள். சொந்தக் கதை வேண்டாம், வேலைக்கு ஆகுறது மட்டும்.

பாளை வாத்தியார்:
ரைமை ‘எதுகை’ன்னு சொல்லிக் கொடுக்கிறதுலயே குழப்பம் ஆரம்பிச்சிடுது டீச்சர். எதுகை இரண்டாம் எழுத்துல நிக்கும். ரைம் வரிக் கடைசியில நிக்கிறதால இயைபுக்குத்தான் பக்கம். அதுவும் முழுசா இல்லை. இயைபுக்குக் கடைசி எழுத்து ஒத்தாலே போதும். ரைமுக்கு, சொல்லுல அழுத்தம் விழுற உயிரொலி தொடங்கிக் கடைசி வரைக்கும் எல்லாச் சத்தமும் ஒண்ணா இருக்கணும். அந்த உயிருக்கு முன்னால உள்ள மெய் மட்டும் மாறணும்.

‘ரன்னிங்’, ‘கோயிங்’ ரெண்டும் ‘இங்’குல முடியுதேன்னு பிள்ளை எழுதும். நம்ம இயைபுக் காதுக்கு அது சரி. ஆனா அழுத்தம் ‘ரன்’ மேலயும் ‘கோ’ மேலயும் விழுது, அதனால ரைம் இல்லை. ‘திங்கிங்’குக்கு ‘டிரிங்கிங்’, ‘சிங்கிங்’ (மூழ்குறது, பாடுறது இல்லை) சரி.

ஆள் இல்லாம, நெட் இல்லாம தேடணும்னா ஒரு துண்டுத் தாள் போதும். ‘நைட்’ எடுங்க. முன்மெய்யை வெட்டினா மிச்சம் ‘ஐட்’. இப்போ பி, டி, எஃப்னு ஒத்தை மெய்யா வச்சுப் பாருங்க: பைட், ஃபைட், கைட், லைட், மைட், ரைட், டைட், ஒயிட். அடுத்து ரெட்டை மெய்: பிளைட், பிரைட், ஃபிளைட், ஃபிரைட், பிளைட் (முதல்ல சொன்னது ‘பஸ்’ல வர்ற பி, இது ‘பேப்பர்’ல வர்ற பீ), ஸ்லைட், ஸ்பைட், டிரைட். மூணு மெய்யில ஸ்பிரைட். ரெட்டை மெய்யை விட்டுட்டாத்தான் பட்டியல் எட்டோட நின்னுபோகும்.

கே-யில தொடங்குற நைட்டை (போர்வீரன்) இதுல சேர்க்காதீங்க. முன்மெய்யும் அதே ‘ந்’ தான், அதனால அது ஒரே சத்தமுள்ள வேற சொல்லு, ரைம் இல்லை.

சேரன்மாதேவிக்காரன்:
அண்ணாச்சி சொன்னதுல அந்த ரெண்டு ‘பிளைட்’ தான் என் விஷயமே. பிள்ளைக இங்கிலீஷ் சொல்லுக்கு மேல பென்சிலால தமிழ்ல உச்சரிப்பு எழுதி வைக்கும்லா, அங்கதான் மோசம். முதுகு, பை, அடுப்புல சுடுறது மூணுக்கும் தமிழ்ல ‘பேக்’ தான். தொப்பி, இடைவெளி, தோள்ல போடுற அங்கி மூணும் ‘கேப்’. தாளைப் பார்த்துட்டு ரைம்னு கோடு போட்ருவாவ.

முதுகுக்கு ரைம் பிளாக், சாக்கு. பைக்கு ரைம் ஃபிளாக் (கொடி), டேக் (விலைச்சீட்டு). சுடுறதுக்கு ரைம் கேக், லேக். மூணும் மூணு குடும்பம்.

அடுத்தது ‘ஸ்’. சோறு ‘ரைஸ்’, எழுந்திரு ‘ரைஸ்’, ரெண்டும் ஒண்ணில்லை. முன்னதுல வெறுங்காத்து, பின்னதுல தொண்டை அதிரும். விரலைக் குரல்வளையில வச்சுச் சொல்லிப் பாக்கச் சொல்லுங்க, பிள்ளைக்கே பிடிபடும். அதிர்ற ஒலிக்கு முன்னால உயிர் கொஞ்சம் நீளும், அதையும் காதுல வாங்கலாம். ஐஸுக்கு ரைம் சோறு, விலை, எலி(பன்மை). கண்ணுக்கு (பன்மை) ரைம் எழுந்திரு, பரிசு, அறிவுள்ள ஆள்.

இந்த இடத்துல இன்னொரு லாபமும் உண்டு. பன்மையையும் இறந்தகாலத்தையும் சத்தத்தால தேடினா, எழுத்தால சிக்காத ஜோடி சிக்கும்: பெட்டியும் பாறைகளும் (பாக்ஸ், ராக்ஸ்), கடந்ததும் கடைசியும் (பாஸ்ட், லாஸ்ட்).

டவுன் வாசகி:
ஹைட், வெயிட்னு ஹெல்த் கார்டுல பக்கத்துப் பக்கத்துல நிக்குது, எழுத்தும் ஒண்ணுபோல. ரைம் ஆகலியே, ஏன்?

பாளை வாத்தியார்:
ஹைட் ‘நைட்’ வீட்டுப் பிள்ளை, வெயிட் ‘கேட்’, ‘லேட்’ வீட்டுப் பிள்ளை. சுமாரா 1400-லிருந்து 1700-க்குள்ள இங்கிலீஷ் நெட்டுயிர்கள் வரிசையா இடம் மாறிடுச்சு. இங்கிலாந்தோட முதல் அச்சுக்காரர் காக்ஸ்டன் 1476-ல வெஸ்ட்மின்ஸ்டர்ல அச்சுக்கூடம் வச்சதுக்கு அப்புறம் எழுத்து கொஞ்சம் கொஞ்சமா உறைஞ்சு நின்னுட்டுது, சத்தம் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துது. ஓ-யு-ஜி-எச்சுல முடியுற அஞ்சைப் பாருங்க: இருமல் ‘ஆஃப்’போட, முரடு ‘ஸ்டஃப்’போட, ‘ஆனாலும்’ங்கிற தோ ‘கோ’வோட, ஊடே போற த்ரூ ‘புளூ’வோட, மரக்கிளை ‘கவ்’வோட. எழுத்தை நம்பினா இந்த அஞ்சும் ஒரே வரியில வந்து உக்காரும்.

தென்காசி கம்ப்யூட்டர்:
கணினி வழி. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி இலவசக் கோப்பு, 1,30,000-க்கு மேல் சொற்கள். வரிக்கு ஒரு சொல், பக்கத்தில் 39 ஒலிக்குறிகளால் உச்சரிப்பு. உயிர்க்குறிக்குப் பின்னால் உள்ள எண்ணைக் கவனிக்கவும்: 1 முதல் அழுத்தம், 2 துணை அழுத்தம், 0 அழுத்தமில்லை.

நைட்டின் வால் ‘ஏ-ஒய்-1’, ஒரு இடைவெளி, ‘டி’. நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எழுத்துச் செயலியில் திறந்து, தேடல் பெட்டியில் ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ (குறிகளால் தேடும் முறை) தேர்ந்து, இந்த வாலோடு ஒரு டாலர் குறியையும் (‘வரி இங்கே முடிகிறது’ என்று பொருள்) சேர்த்துத் தேட வேண்டும். டாலர் குறி விட்டுப்போனால் ‘டைட்டில்’ எல்லாம் உள்ளே வரும், ஏனென்றால் அந்த ஒலித்தொடர் நடுவிலும் இருக்கிறது. ‘சன்லைட்’ வராது, அதில் ‘லைட்’டுக்கு 2 தான். பாட்டுக்கு அதைச் சேர்க்கலாம், கறாரான ரைமில் சேராது.

ஒரே எச்சரிக்கை, இது அமெரிக்க உச்சரிப்பு. நாம் ‘கிளார்க்’ என்று பிரிட்டிஷ் மாதிரி சொல்லி ‘டார்க்’கோடு சேர்ப்போம், கோப்பு அதை ‘ஒர்க்’கோடு சேர்க்கும். ஏபிசிடி பாட்டில் கடைசி எழுத்து ‘மீ’யோடு ரைம் ஆவது அமெரிக்க ‘ஸீ’யில்தான், நம் ‘இசட்’டில் இடிக்கும்.

டவுன் வாசகி:
அப்போ ரேஷன் கடை ரேஷனும் ‘ஸ்டேஷன்’ ரைம் தானே?

தென்காசி கம்ப்யூட்டர்:
நம் வாயில் ஆம். பிரிட்டிஷ் அகராதியில் அது ‘ஃபேஷன்’ குடும்பம், ‘கேட்’ (பூனை) உயிர். அமெரிக்காவில் ரெண்டும் ஓடும். தேர்வுத் தாளில் தவிர்ப்பது நல்லது.

ஜங்ஷன் டீச்சர்:
அர்த்தத்துக்கு வாங்க.

பாளை வாத்தியார்:
அர்த்தத்தைக் கடைசியில பாக்கிற வேலைன்னு நினைக்காதீங்க. சில சொல்லுக்கு அர்த்தம் தெரியாம ரைமே சொல்ல முடியாது. டி-ஈ-ஏ-ஆர் கண்ணீருன்னா ‘ஹியர்’ கூடப் போகும், கிழிக்கிறதுன்னா ‘கேர்’ கூடப் போகும். டபிள்யூ-ஐ-என்-டி, குற்றாலத்துச் சாரல் காத்துன்னா ஒரு சத்தம், கடிகாரச் சாவி சுத்துறதுன்னா ‘மைன்ட்’ ரைம்.

அகராதியில முதல்ல பெயரா வினையான்னு பாருங்க, அப்புறம் பழைய வழக்குன்னு குறிப்பு இருக்கான்னு பாருங்க, அதுக்கப்புறம்தான் பொருள். முதல் பொருளோட நிறுத்திடாதீங்க: லைட்டுக்கு விளக்கு, பாரமில்லாதது, வெளிர்நிறம் மூணும் உண்டு. தமிழ்ப் பொருளுக்கு சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில வந்த சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்-தமிழ் அகராதி கைகொடுக்கும். வின்சுலோ அகராதி தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்குப் போறது, அதை இதுக்குப் புரட்டி நேரத்தைப் போக்காதீங்க.

மேல போட்ட பட்டியல்ல சந்தேகம் வர்றதுக்கு மட்டும்: பி-யில வர்ற பிளைட் நெல்லுல வர்ற இலைக்கருகல், பீ-யில வர்ற பிளைட் அவலநிலை, ஸ்பைட் வன்மம், டிரைட் அரைச்ச மாவையே அரைக்கிற பேச்சு. ஸ்லைட் சொற்பம், அதே சத்தத்துல ஈ-ஐ போட்டு எழுதுற ஸ்லைட், கண்கட்டு வித்தைக்காரன் கைவேகம்.

சேரன்மாதேவிக்காரன்:
மிக்சருக்குப் ‘பிக்சர்’னு எல்லாப் பிள்ளையும் எழுதும். நடுவுல ‘ஸ்’ குறையுது, சேராது. ‘ஃபிக்சர்’ தான் சரி: சுவத்தோட பொருத்தினது, இல்லைன்னா முன்கூட்டியே தேதி குறிச்ச மேட்ச்.

டீச்சர், கேள்வி குறிக்கையில மாசத்தைக் குறிக்கிற ‘மந்த்’ங்கிற சொல்லையும் ஆரஞ்சையும் சில்வரையும் தள்ளி வைங்க. புழக்கத்துல உள்ள சொல்லு ஒண்ணும் அதுகளோட முழுசா ரைம் ஆகாது, பிள்ளை பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கும்.