எனக்கு எழுதிய வசனத்தைத் தாண்டி வாசித்தேன்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

விதைப்பவன்:
கல்யாணமாகி நாலாவது வருஷம். பண விஷயத்தில் சண்டை. பேச்சில் தோற்கிறேன் என்று தெரிந்ததும் வேதாகமத்தை எடுத்து எபேசியர் 5:22-ஐ அவளுக்குச் சத்தமாக வாசித்தேன். "உங்கள் சொந்தப் புருஷருக்குக் கீழ்ப்படியுங்கள்." பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைக்கூடத் துடைக்காமல் வந்து, தாளில் விரலை வைத்து மெதுவாகக் கீழே இழுத்து 25-ல் நிறுத்தினாள். "இதையும் வாசிங்க." புருஷர்களே, மனைவிகளில் அன்புகூருங்கள், அப்படியே கிறிஸ்துவும் சபையில் அன்புகூர்ந்து தம்மைத்தாமே அதற்காக ஒப்புக்கொடுத்தார் என்கிற பகுதி. 'ஒப்புக்கொடுத்தார்' வரைக்கும் என்னால் போக முடியவில்லை. அவள் திரும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

ஈரம் பட்ட அந்த இடம் காய்ந்து சுருங்கி, 11 வருஷமாக அப்படியே மேடாக இருக்கிறது. வேதாகமம் தானாக அங்கேதான் விரிகிறது. சண்டை போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். வசனத்தை அவள்மேல் வீசினதற்கு இதுவரை கேட்கவில்லை.

மழைத்துளி:
எங்கள் வீட்டில் கத்தல் கிடையாது, மௌனம்தான். ஒருமுறை 9 நாள். ஆனால் ராத்திரி குடும்ப ஜெபம் மட்டும் தவறாது. சபைக்காக, ஊழியங்களுக்காக, வியாதியஸ்தருக்காக என் கணவர் அவ்வளவு உருக்கமாக ஜெபிப்பார். ஆமென் சொன்னதும் முகம் திரும்பிவிடும்.

ஒன்பதாம் நாள் வாசிப்பு 1 பேதுரு 3. ஆளுக்கொரு வசனமாக வர, ஏழாவது அவர் முறை, புருஷர்கள் மனைவிகளுக்குக் கனம் செய்யவேண்டும் என்கிற வசனம். "உங்கள் ஜெபங்களுக்குத் தடைவராதபடிக்கு" என்ற இடத்தில் நின்றுவிட்டார். சின்னவள், "அப்பா, இன்னும் இருக்கு" என்றாள். மிச்சத்தை வாசித்துவிட்டு ஜெபம் பண்ணாமலே எழுந்து போனார். மறுநாள் காலையில் என்னோடு பேசினார். தன் ஜெபத்துக்குப் பயந்து பேசினாரா, என் முகத்தைப் பார்த்துப் பேசினாரா, எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

பழைய மூப்பன்:
சகோதரரே, 25 இருக்கிறது என்பதற்காக 22 அழிந்துபோகாது. இரண்டும் ஒரே நிருபம்தான். உங்கள் மனைவி விரல் வைத்துக் காட்டியது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் கதை சின்னது. 41 வருஷத்தில் நான் என் மனைவியைக் கைநீட்டி அடித்ததில்லை, செலவுக்குக் குறை வைத்ததில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக, "ஒருநாளாவது என்கிட்ட சிரிச்சுப் பேசியிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், வாலிபரே, கொலோசெயர் 3:19-ஐ மனப்பாடம் பண்ணுங்கள். மனைவிகள்மேல் "கசந்துகொள்ளாதிருங்கள்" என்கிறது. அடிக்காதே என்பதோடு அது நிற்கவில்லை, முகத்தில்கூடக் கசப்பு கூடாது. வெளியில் நடந்ததை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். அவள் பேசும்போது போனைக் கீழே வையுங்கள். அவள் செய்வதைப் பிள்ளைகளுக்கு முன்னால் பாராட்டுங்கள், நீதிமொழிகள் 31-ல் புருஷன் அதைத்தான் செய்கிறான். புதிதாய் மணமானவனை ஒரு வருஷம் யுத்தத்துக்கே அனுப்பக்கூடாது, அவன் வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும் என்று உபாகமம் 24:5 சொல்கிறது. யுத்தமே காத்திருக்கலாம் என்றால் நம்முடைய எந்த வேலை காத்திருக்கக்கூடாது? அப்புறம் சகோதரி, நீங்களும் 9 நாள் போகவிடாமல் முதலில் பேசியிருக்கலாம்.

கரையோரம்:
ஐயா, 22-க்கு மேலே 21 இருக்கிறதே: "ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." மிகப் பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் 22-ல் 'கீழ்ப்படியுங்கள்' என்ற வினையே கிடையாது. 21-ல் வருவதுதான் அங்கேயும் தொடர்கிறது. அதை வெட்டி எடுத்து மனைவிக்கு மட்டும் கொடுக்க முடியாது.

சரி, என் விஷயம். எங்கள் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. மூன்று வாரமாகியும் அவள் அழுகை நிற்கவில்லை. "நான் இருக்கேன்ல?" என்றேன். ஆறுதல் என்றுதான் நினைத்தேன். அவள் தலையணையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பல மாதம் கழித்து 1 சாமுவேல் 1:8 கண்ணில் பட்டது. பிள்ளையில்லாமல் அழும் தன் மனைவி அன்னாளிடம் எல்க்கானா கேட்கிறான்: "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா?" அன்னாள் பதில் சொன்னதாக அங்கே ஒன்றும் எழுதியில்லை. அவன் அன்புள்ளவன்தான், நானும்தான். அழ விட்டுக் கூட உட்கார எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மழைத்துளி:
ஐயாவுக்கு: 9 நாளும் நான் பேசினேன். தினமும் காலையில் "போயிட்டு வாங்க" என்பேன். கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்கும்.