தலையணை உறை ஒரே சலவையில் பிரிகிறதே?

கேள்வி (குடியாத்தம்):
வேலூரில் சிகிச்சைக்காக வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்குபவர்களுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறேன். துணி, பழைய பருத்திச் சேலைகளும் லுங்கி வெட்டுத்துண்டுகளும்தான். எங்கள் ஊரில் தறிக்குப் பஞ்சமில்லை. மிதி மெஷின் மாமியாருடையது, என்னைவிட அதற்கு வயது அதிகம். 17க்கு 27 அங்குலத் தலையணைக்கு அளவெடுத்துத் தைத்த பத்தில் நான்கு, சுருங்கி ஓரம் பிரிந்து திரும்பி வந்தன. வெட்கமாகப் போய்விட்டது. எங்கே தவறு?

பதில் (காட்பாடி):
அக்கா, புது லுங்கித் துணியில் கஞ்சி இருக்கும். வெட்டுவதற்கு முன்பே இரவு முழுக்க ஊறவைத்து அலசி உலர்த்துங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். ஓரத்துக்கு இரட்டைத் தையல் போடுங்கள். நல்ல பக்கம் வெளியே இருக்க முதல் தையல். பிசிறை ஒட்ட வெட்டி, துணியைப் புரட்டி, கால் அங்குலம் உள்ளே தள்ளி இரண்டாவது. பிசிறு உள்ளேயே அடைபட்டுவிடும்.

பதில் (ஆரணி):
சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து நைந்த பகுதியில் எந்தத் தையலும் நிற்காது. அதைக் கரித்துணியாக்கிவிட்டு முந்தானைப் பக்கத்தை எடுங்கள். பொத்தானும் வேண்டாம், கன்னத்தில் குத்தும். ஆறு அங்குல மடிப்பு போதும்.

கேள்வி கேட்டவர்:
ஊறவைத்தேன். சிவப்பு லுங்கியோடு என் வெள்ளை உள்பாவாடையும் வாளியில் கிடந்ததை யாரும் சொல்லவில்லை. இப்போது அதுவும் ரோஜா நிறத்தில் இரண்டு உறையாகிவிட்டது.