கேம்பிரிட்ஜ் சர்ப்ரைஸ் மைனர்: எனக்குப் பிடிபட எட்டு மாதம்

போன புதன்கிழமை தேவாலய மணி அடிக்கும் பயிற்சியில், ஆறு மணிகளை வரிசை மாற்றி மாற்றி அடிக்கும் கேம்பிரிட்ஜ் என்ற முறையை முதல்முறையாகத் தப்பில்லாமல் அடித்து முடித்தேன். இன்னும் அந்தச் சந்தோஷம் அடங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். இங்கிலாந்து தேவாலயக் கோபுரங்களில் மணியை ஒரு முழுச் சக்கரத்தோடு சேர்த்து மாட்டியிருப்பார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் மணி, வாய் மேலே பார்த்த நிலையிலிருந்து ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி மேலே வந்து நிற்கும். நான் இழுப்பது ஏறக்குறைய 400 கிலோ. அதை நினைத்த நொடியில் அடிக்க வைக்க முடியாது, கொஞ்சம் தாமதிக்கலாம், கொஞ்சம் முந்தலாம், அவ்வளவுதான். எல்லா மணியும் ஒவ்வொரு முறை அடித்தால் அது ஒரு வரிசை. ஆகவே ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் ஒரு மணி ஓர் இடம்தான் முன்னே பின்னே நகரும். இதில் பாட்டு வாசிக்க வழியில்லை. வரிசையை மாற்றிக்கொண்டே போகிறோம். ஆறு மணிகளை 720 விதமாக வரிசைப்படுத்தலாம். தாளைப் பார்த்து அடிக்கும் வழக்கமும் கிடையாது, எல்லாம் மனப்பாடம்.

ப்ளெய்ன் பாப் என்ற எளிய முறை எனக்குச் சுலபமாக வந்தது. அதில் சின்ன மணியான ட்ரெபிள் நேராக முன்னிருந்து பின்னே போய்த் திரும்பி வரும், அதைப் பிடித்துக்கொண்டால் போதும். கேம்பிரிட்ஜில் அந்த ட்ரெபிளே 1-2, 3-4, 5-6 என்று ஒவ்வொரு ஜோடி இடத்திலும் ஒரு டாட்ஜ் போட்டுத்தான் நகரும், அதாவது ஓர் இடம் பின்வாங்கி மறுபடி முன்னேறும். மற்ற ஐந்து மணிகளின் பாதையும் அதற்கேற்ப முறுக்கிக்கொள்ளும். என்னைப் படுத்தியது 3-4 பிளேஸஸ்தான்: டாட்ஜ், ஓர் இடத்திலேயே இரண்டு முறை அடிப்பது, டாட்ஜ், அடுத்த இடத்தில் இரண்டு முறை அடிப்பது, மறுபடி டாட்ஜ். ரயிலில், சமையல் செய்யும்போது, தூங்கும் முன், என் மணியின் பாதையைக் காட்டும் நீலக் கோட்டை விரலால் வரைந்து வரைந்து பார்த்தேன். வீட்டில் சொன்னால் வரும். கயிற்றைப் பிடித்ததும் மூன்றாவது லீடில், அதாவது ட்ரெபிள் மூன்றாம் முறை பின்னே போய்த் திரும்பும் சுற்றில், கரைந்துபோகும், ஐந்து பேர் எனக்காக நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள், ஒருவரும் முகம் சுளித்ததில்லை. நான் கிறிஸ்தவன் இல்லை, அதையும் யாரும் கேட்டதில்லை. ஞாயிறு ஆராதனைக்கு முன்னால் வந்து அடித்துக் கொடு என்றார்கள், போகிறேன்.

திருப்பம் எங்கே வந்தது என்றால், கோபுரத்தில் முப்பது வருடமாக அடிக்கும் ஓர் அம்மா, "எண்ணாதே, ட்ரெபிளை எங்கே கடக்கிறாய் என்று மட்டும் பார்" என்றார். அதற்கப்புறம் இரண்டு மாதம் நாக்கைக் கட்டிய மணியில், சத்தம் கணினியிலிருந்து வரும்படி வைத்துப் பழகினேன். போன புதன் 120 வரிசை, நாலைந்து நிமிடம். நடுவில் ஒரு முறை தடுமாறப் பார்த்தேன், ட்ரெபிளின் கயிறு எனக்குச் சற்று முன்னால் இறங்குவது கண்ணில் பட்டது, இடம் தெரிந்துவிட்டது. முறை முடிந்தது என்று சொல்லும் "தட்ஸ் ஆல்" என்ற குரல் வந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது.

பதில்:
வாழ்த்துகள் அண்ணா! நான் இன்னும் ப்ளெய்ன் பாப்பில்தான் இருக்கிறேன். கயிறுகளைப் பார்த்து யாருக்குப் பின்னால் அடிக்கிறோம் என்று கண்டுபிடிக்கும் அந்தப் பார்வையே எனக்கு இன்னும் வரவில்லை. எல்லாக் கயிறும் ஒரே நேரத்தில் ஆடுவது போலத்தான் தெரிகிறது. அது தானாக வருமா?

பதில்:
தானாக வராது தம்பி, ஆனால் வரும். எனக்குக் கதவோரம் உட்கார்ந்து மற்றவர்கள் அடிப்பதைப் பார்த்துத்தான் வந்தது. ஒரே ஒரு மணியைத் தேர்ந்தெடு, அது யாருக்குப் பின்னால் இறங்குகிறது என்று வாய்விட்டு முணுமுணுத்துக்கொண்டே இரு. நான் அடுத்து பாப் போடும் கேம்பிரிட்ஜுக்குப் போகிறேன், நடத்துபவர் "பாப்!" என்று கத்தியதும் சில மணிகளின் பாதை மாறிவிடும். இந்தப் புதன் முதல் முயற்சி, வந்து சொல்கிறேன்.