பழைய ஆண்டுக்கு மேலதிக வரி மதிப்பீடு: அனுபவமுள்ளோர் உதவவும்

அனைவருக்கும் வணக்கம். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு நெல் வியாபாரிகளுக்காகத் தமிழில் ஒரு மாதிரி மீளாய்வுக் கடிதம் தயாரிக்கிறோம். வரிக் கணக்கில் பழகியவர்கள் கைகொடுங்கள்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் 135ஆம் பிரிவில், இறைவரித் திணைக்களம் முடிந்த ஆண்டுக்கும் மேலதிக மதிப்பீடு (முன்பு கணித்ததற்கு மேல் வரி கணித்தல்) செய்யலாம். அதற்குக் கால எல்லை உண்டு. மோசடி என்றால் அந்த எல்லை இல்லை. இந்த எல்லை திருத்தச் சட்டத்தால் மாறியது. எந்த வரியாண்டுக்கு எது பொருந்தும் என்று ஆண்டுவாரியாக யாராவது எழுதித் தர முடியுமா?

மதிப்பீட்டு அறிவித்தல் கிடைத்தால் 30 நாளுக்குள் உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்திடம் எழுத்தில் நிர்வாக மீளாய்வு, அதாவது மதிப்பீட்டைத் திரும்பப் பார்க்கும்படி, கேட்க வேண்டும் (139ஆம் பிரிவு). "வரி கூடிப்போச்சு" என்று மட்டும் எழுதினால் எடுபடாது, காரணங்களை விரிவாகச் சொல்ல வேண்டும். கடித உறையையும் எறிய வேண்டாம், முத்திரைத் திகதி பிறகு உதவும். நோய், வெளிநாட்டுப் பயணம் போன்ற தகுந்த காரணத்தால் பிந்தினால் கால நீடிப்புக் கேட்கலாம். மீளாய்வைத் தாண்டி நேரே வரி மேன்முறையீட்டு ஆணைக்குழுவுக்குப் போக முடியாது.

பெரிய சிக்கல் வங்கி வைப்புகள். ஆலைக்காரர் அனுப்பும் நெல்லுக்கான காசு முழுவதும் கணக்கில் விழும். விவசாயிக்குக் கையில் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு இராது. அப்போது மொத்த வைப்பும் வருமானமாகத் தெரியும். நிறுவைத் துண்டு, லொறி வாடகைச் சிட்டை, விவசாயி கையொப்பமிட்ட கொள்வனவுப் புத்தகம் ஆகியவற்றில் எவை ஏற்கப்பட்டன? பெயர் விபரங்களை மறைத்து மாதிரிகளைப் பகிருங்கள்.