புதுப்பிப்பு: ரீப்பர் ஒலிப்பதிவு மென்பொருளில் பழைய குரல் எடிட் திரும்பக் கிடைத்தது, மிக்ஸும் கலையவில்லை

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஓர் உருமி மேளப் பாடலை மிக்ஸ் செய்கிறேன். பாடிய அக்கா, முதலில் எடிட் செய்த குரலே வேண்டும் என்றார். அதற்குள் உருமிக்கும் தவிலுக்கும் ஈக்யூ வேலை (ஒலியின் தன்மையைச் சரிசெய்வது) முடிந்திருந்தது. அண்டூ அடித்தால் அதுவும் போய்விடும்.

ஈப்போ அண்ணன் சொன்ன வழிதான் கைகொடுத்தது. கண்ட்ரோல், ஆல்ட், இசட் மூன்றையும் அழுத்தினால் அண்டூ ஹிஸ்டரி ஜன்னல் திறக்கும். அதில் பழைய நிலையை டபுள் கிளிக் செய்து, குரல் துண்டுகளை காப்பி செய்தேன். அப்புறம் கடைசி நிலைக்குத் திரும்பி, புது டிராக்கில் பேஸ்ட். கர்சர் நிற்கும் இடத்தில்தான் விழும், அதனால் முதல் துண்டு தொடங்கும் நேரத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

எதிர்பாராத ஒன்று: பிரிஃபரன்ஸ் என்ற அமைப்புகள் பக்கத்தில் ஐட்டம் செலக்‌ஷனும் அண்டூவில் சேர டிக் இருந்தால், பழைய நிலையில் ஒரு துண்டைத் தொட்டாலே அது புதுப் படியாகிவிடும், முன்னே போகும் ரீடூ பாதை அறுந்துவிடும், அதாவது கடைசி நிலைக்குத் திரும்ப முடியாது. அந்த டிக்கை எடுத்துவிட்டு, பக்கத்திலேயே உள்ள பல ரீடூ பாதைகளைச் சேமிக்கும் வசதியைப் போட்டுக்கொள்வது நல்லது. எதற்கும் முதலில் வேறு பெயரில் ஒரு காப்பி சேமித்துவிடுங்கள்.

ப்ராஜெக்டை மூடித் திறந்தாலும் ஹிஸ்டரி இருக்க வேண்டுமா? அங்கேயே அதைச் சேமிக்கவும் திறக்கும்போது ஏற்றவும் தனித்தனி டிக் உண்டு, இரண்டும் வேண்டும். ப்ராஜெக்ட் பக்கத்தில் ஆர்பிபி-அண்டூ என்று ஒரு கோப்பு உருவாகும், அதை அழிக்காதீர்கள்.