'மக்கும்' பையைப் பயோகேஸ் கலனில் போடலாமா?

கேண்டீன்_கலன்:
2 கன மீட்டர் மிதக்கும் டிரம் கலன். தினமும் 20 கிலோ உணவுக் கழிவு, அதே அளவு தண்ணீர். உள்ளே 29–31 டிகிரி. இப்போது கழிவெல்லாம் 'மக்கும்' பையில் கட்டி வருகிறது, கூடவே பிஎல்ஏ (பயிர் மாவுச்சத்திலிருந்து செய்யும் பிளாஸ்டிக்) தம்ளர்களும். பையில் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தர முத்திரை அச்சடித்திருக்கிறது. அவிழ்க்காமல் அப்படியே போடலாமா? கேஸ் கூடுமா?

சாணக்கரைசல்:
போடாதீர்கள். அந்த முத்திரை கம்போஸ்ட் ஆலைக்கானது. அங்கே 58 டிகிரி வரை சூடு, காற்று, பூஞ்சை எல்லாம் உண்டு. உங்கள் கலனில் மூன்றுமே கிடையாது.

இந்தப் பைகள் பெரும்பாலும் பிபிஏடியோடு (பெட்ரோலியத்திலிருந்து செய்யும், மக்கக்கூடிய பிளாஸ்டிக்) மாவுச்சத்தோ பிஎல்ஏவோ கலந்தவை. மாவுச்சத்தைப் பாக்டீரியா சீக்கிரம் தின்றுவிடும், பை கிழியும். மக்கிவிட்டது என்று அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். பிபிஏடி அப்படியே கிடக்கும். பிஎல்ஏ 55–60 டிகிரிக்குக் கீழே கண்ணாடி மாதிரி விறைத்திருப்பதால் தண்ணீர் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை மிக மெதுவாகத்தான் அறுக்கும். நீர் சங்கிலியை அறுத்தால்தான் நுண்ணுயிருக்கு வேலை. 30 டிகிரியில் கேஸ் கிட்டத்தட்டப் பூஜ்யம். பிஎச்பி என்ற பிளாஸ்டிக் மட்டும் விதிவிலக்கு. பாக்டீரியாவே சேமிப்புக்காகச் செய்துவைக்கும் பொருள் என்பதால் 35 டிகிரியில் சில வாரங்களில் கரையும்.

பாலித்தீன், பிபி (பாலிபுரோப்பிலீன்) பற்றிப் பேச்சே வேண்டாம். சீக்கிரம் நொறுங்க ரசாயனம் சேர்த்த 'ஆக்ஸோ' வகை பாலித்தீன் தூளாகி ஸ்லரியோடு (கலனின் கரைசல்) வயலுக்குத்தான் போகும்.

போட்டால் நடப்பது இதுதான்: பிலிம் மிதந்து மேல் ஆடையோடு பின்னிக்கொள்ளும், வெளியேறும் குழாய் அடைக்கும், டிரம் சரியாக ஏறி இறங்காது.

மீத்தேன்_கணக்கு:
கேஸ் ஆசையும் வேண்டாம். ஒரு கிலோ பிஎல்ஏ முழுக்கச் சிதைந்தாலே ஏட்டுக் கணக்கில் 467 லிட்டர் மீத்தேன் (பிஎச்பிக்கு 586). 6 கிராம் தம்ளருக்கு 3 லிட்டர்கூட வராது.

எடுத்தே தீருவேன் என்றால் முன்பதப்படுத்த வேண்டும்: ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, சுண்ணாம்புத் தண்ணீரில் 90 டிகிரியில் இரண்டு நாள். பிஎச் 10க்குக் கீழே இறங்கினால் சுண்ணாம்பு சேருங்கள். பிஎல்ஏ உடைந்து வரும் லாக்டேட் கரைசலை பிஎச் 8க்குக் கொண்டுவந்து, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கலன் புளித்துவிடும். கலனின் பிஎச் 6.8க்குக் கீழே போனால் தீனியை நிறுத்துங்கள். விறகுச் செலவைக் கணக்கிட்டால் எனக்கு இது வீண் வேலை.

கேண்டீன்_கலன்:
பை விற்பவர் 'காற்றில்லாமலும் மக்கும்' என்கிறார். கல்லூரி லேபில் சோதிக்க முடியுமா?

சாணக்கரைசல்:
முடியும். ஓடும் கலனின் ஸ்லரியைத் தீனியின்றி 5–7 நாள் வைத்துச் சொந்த கேஸை வடியவிடுங்கள். 500 மில்லி பாட்டிலில் 400 மில்லி. ஆவியாகும் திடப்பொருள் (உலர்த்தி எரித்தால் போய்விடும் பகுதி) கணக்கில் ஸ்லரி 3 பங்கு, மாதிரி 1 பங்கு. 2 சதவீத ஸ்லரி என்றால் மாதிரி 2.7 கிராம். நைட்ரஜன் ஊதி மூடுங்கள். கேஸைச் சோடியம் ஹைட்ராக்சைடு வழியாக விட்டு (கார்பன் டை ஆக்சைடை அது உறிஞ்சிவிடும்) மீத்தேனை மட்டும் அளவிடுங்கள். வெறும் ஸ்லரி, செல்லுலோஸ், பை, ஒவ்வொன்றும் மூன்று பாட்டில். செல்லுலோஸ் கிலோவுக்கு 350 லிட்டராவது தரவில்லையென்றால் ஸ்லரியோ மூடியின் கசிவோ காரணம். அந்தச் சோதனை செல்லாது.

பை மாதிரியை மிக்ஸியில் அரைக்காதீர்கள், பிளாஸ்டிக் சூட்டில் இளகிக் கட்டியாகும். திரவ நைட்ரஜனில் உறையவைத்து அரையுங்கள். 'ஒரு நாள் கேஸ், அதுவரை வந்த மொத்தத்தில் 1 சதவீதத்துக்குக் கீழே மூன்று நாள் தொடர்ந்து இருந்தால் நிறுத்து' என்ற வழக்கமான விதியும் இங்கே காலை வாரும்: மாவுச்சத்து தீர்ந்ததும் கேஸ் வரைகோடு படுத்துவிடும், மற்றது தொடங்க மாதங்கள் ஆகலாம். எடைக் குறைவையும் நம்பாதீர்கள். உதிர்ந்த துகளும் அதில் மக்கிப்போன எடை மாதிரியே தெரியும்.

மீத்தேன்_கணக்கு:
அதுவரை பையை அவிழ்த்துக் கொட்டச் சொல்லி, தீனித் தொட்டி வாயில் 10 மில்லிமீட்டர் கண் கொண்ட கம்பிவலை ஒன்று மாட்டிவிடுங்கள்.