ஊர்த் தண்ணி அளவு – நெய்வேலி சுத்துப்பட்டுக் குழு

பாலு: அண்ணே, கோயில் போர்ல (ஆழ்துளைக் கிணத்துல) தண்ணி இன்னிக்கு 41.80 மீட்டர் ஆழத்துல இருக்கு. போன மாசம் 37.20 தான். ஒரே மாசத்துல 4.60 இறங்கிடுச்சு. சுரங்கத்துல இறைப்பைக் கூட்டிட்டாங்கன்னு மனு எழுதிடலாமா?

குமரேசன்: மனு அப்புறம். எத்தனை மணிக்கு அளந்தே? மோட்டார் ஓடுச்சா?

பாலு: 9 மணிக்கு. மோட்டாரை நிறுத்தி அரை மணி கழிச்சு.

குமரேசன்: அரை மணில தண்ணி ஊறி நிலைக்கு வந்திருக்காது தம்பி. ராத்திரியே நிறுத்திட்டு விடியக்காலை 6 மணிக்கு அளக்கணும். 10 நிமிஷம் விட்டு இன்னொரு தடவை அளந்து பாரு. ரெண்டுக்கும் 1 செ.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா இன்னும் ஏறிக்கிட்டிருக்குன்னு அர்த்தம், காத்திரு. பக்கத்துக் கொல்லை மோட்டார் ஓடுதான்னும் நோட்டுல எழுது.

குமரேசன்: டேப்பை எங்கேருந்து விட்டே?

பாலு: கேசிங் பைப்பு வாயிலேருந்து. பைப்பு தரைக்கு மேல 60 செ.மீ. நிக்குது.

குமரேசன்: அப்போ தரையிலேருந்து 41.20. போன மாசம் கழிச்சாங்களா இல்லையான்னு நோட்டுல பாரு. பைப்பு வாயில பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுடு, யார் அளந்தாலும் அந்தக் கோட்டுலேருந்துதான்.

ராஜி: அண்ணே, எங்க வீட்டுக் கிணத்துல மட்டம் இறங்கவே இல்லையே? கோயில் போர் பக்கத்துலதானே இருக்கு?

குமரேசன்: ரெண்டும் வேற வேற தண்ணிம்மா. நிலக்கரிப் படிவத்துக்கு மேல ஒரு தண்ணி, கீழ ஒரு தண்ணி. கீழ இருக்கறது அழுத்தத்துல அடைஞ்சு கிடக்கு, சதுர செ.மீ.க்கு 6 முதல் 8 கிலோ. அதாவது 60–80 மீட்டர் உயரத் தண்ணித் தூணோட பாரம். அதை இறைச்சுத் தணிக்கலேன்னா சுரங்கத்தோட அடித்தரை பொத்துக்கும். அதனாலதான் இரவு பகலா இறைக்கறாங்க. அந்த அழுத்தக் குறைவு ரொம்ப தூரம் பரவும், ஆழமான போர்ல தெரியும். உங்க கிணறு மேல் தண்ணி, மழையைத்தான் பின்தொடரும்.

குமரேசன்: அதனால பாலு, ஒவ்வொரு போருக்கும் தண்ணி உள்ள வர்ற ஓட்டைப் பைப்பு எந்த ஆழத்துல இறக்கினாங்கன்னு போர் போட்டவங்ககிட்ட கேட்டு எழுது. ரெண்டு தண்ணிக்கும் ஓட்டை விட்ட போரா இருந்தா பட்டியல்லேருந்து எடுத்துடு. அந்த அளவு மேல் தண்ணியையும் சொல்லாது, கீழ் தண்ணியையும் சொல்லாது.

செல்வி: லேபுக்கு அனுப்பற தண்ணி சாம்பிள் விஷயத்தையும் இப்பவே சொல்லிடறேன். பைப்புல ரொம்ப நாள் நின்ன தண்ணியைப் பிடிக்கக் கூடாது. 150 மி.மீ. கேசிங்ல 30 மீட்டர் தண்ணி நின்னா சுமார் 530 லிட்டர். அதைப் போல 3 மடங்கு, 1,590 லிட்டர் வெளியேத்தணும். அதுக்கப்புறம் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை அளக்கற கருவியை வை. பி.எச். (புளிப்பு-காரத் தன்மை) 0.1க்குள்ளயும் கண்டக்டிவிட்டி (கரைஞ்ச உப்பைக் காட்டற மின்கடத்தும் அளவு) 3 சதவீதத்துக்குள்ளயும் மூணு தடவை மாறாம நின்னாத்தான் பாட்டில்ல பிடிக்கணும்.

பாலு: அக்கா, பி.எச். லேப்லயே பார்த்துக்கலாமா?

செல்வி: வேண்டாம்ப்பா. போர்லேருந்து வர்றப்ப தெளிவா இருக்கும், கேன்ல கொஞ்ச நேரம் வெச்சா செம்மண் கலர் ஆகும் பாரு, கரைஞ்சிருந்த இரும்பு காத்து பட்டுப் படியுது. அப்போ பி.எச்.சும் மாறிடும், இரும்பும் குறைச்சலாக் காட்டும். அதனால இரும்பு, ஈயம் பார்க்கற பாட்டிலுக்கு அங்கேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில வடிச்சு நைட்ரிக் அமிலம் விடணும், பி.எச். 2க்குக் கீழ வர்ற வரைக்கும். வடிக்காம அமிலம் விட்டா தண்ணில மிதக்கற மண்ணும் கரைஞ்சு, இல்லாத ஈயத்தைக் காட்டும். நாம தப்பா எழுதினதா ஆகிடும்.

செல்வி: சல்பேட், குளோரைடுக்கு அமிலம் விடாத தனி பாட்டில். எல்லாம் ஐஸ் பெட்டில. 10 சாம்பிளுக்கு ஒரு சாம்பிளை மட்டும் ரெண்டு பாட்டில்ல பிடிச்சு, வேற வேற நம்பர் போட்டு அனுப்புங்க. ரெண்டு விடையும் ஒத்து வரலேன்னா லேப்கிட்ட கேட்கலாம்.

ராஜி: வாலாஜா ஏரிக்குப் போற வாய்க்கால்ல எங்க பிடிக்கணும் அக்கா?

செல்வி: சுரங்கத் தண்ணி விழற இடத்துக்கு மேல ஒண்ணு, விழற வாய்ல ஒண்ணு, கீழ ஒண்ணு. கீழ எடுக்கறப்ப இடது கரை, நடு, வலது கரைன்னு கண்டக்டிவிட்டி பாரு. மூணும் ஒண்ணா இருந்தாத்தான் கலந்திருக்கு, இல்லேன்னா இன்னும் கீழ நட. தண்ணி வர்ற திசையைப் பார்த்து நின்னு, மேல்மட்டத்துக்கு 20 செ.மீ. கீழ பாட்டிலை முக்கணும்.

குமரேசன்: அங்கேயே ஓட்டமும் அளங்க. வாய்க்கால் குறுக்கே வெக்கற 90 டிகிரி வி (V) வெட்டுப் பலகையில, வெட்டோட அடிமுனைக்கு மேல தண்ணி 20 செ.மீ. உயரம்னா விநாடிக்குச் சுமார் 25 லிட்டர். உயரத்தைப் பலகைகிட்ட அளக்காதே, அங்க தண்ணி சரியும். தண்ணி வர்ற பக்கமா 1 மீட்டர் தள்ளி அள. சல்பேட் லிட்டருக்கு 300 மி.கி.ன்னா நாளைக்கு 648 கிலோ போகுது. மழை பெஞ்சா மி.கி. குறையும், கிலோ கூடவே செய்யலாம். வெறும் மி.கி.யைப் பார்த்து தண்ணி சுத்தமாயிடுச்சுன்னு யாராவது சொன்னா ஓட்டத்தைக் கேளுங்க.

ராஜி: 300 குடிக்கலாமா?

செல்வி: குடிநீர்ல சல்பேட் லிட்டருக்கு 200 மி.கி. வரைக்கும். வேற தண்ணியே இல்லேன்னா 400 வரைக்கும் விடறாங்க. ஆனா நமக்கு அந்த எல்லையை விட ஏத்தம்தான் முக்கியம். குளோரைடு அப்படியே இருக்க, சல்பேட் மட்டும் மாசாமாசம் ஏறினா கந்தகக் கல் காத்துல பட்டுக் கரையுதான்னு சந்தேகப்படணும். குளோரைடும் சேர்ந்து ஏறினா உப்புத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு தேடணும்.

குமரேசன்: பாலு, அந்த 41.80ஐ அடிக்காதே. பக்கத்துல 'மோட்டார் நிறுத்தி அரை மணி'ன்னு எழுது. சனி ராத்திரி 8 மணிக்கு கோயில் போரை நிறுத்தணும், அதுக்குள்ள ஊர் டேங்கை ரொப்பிடச் சொல்லு.

பாலு: சரிண்ணே. ஆபரேட்டர்கிட்ட இப்பவே சொல்லிடறேன்.